பேருக்கு மெம்பர்

1

போன வெள்ளிக்கிழமை, இந்த ஊர் கிரெடிட் யூனியனில் கணக்குத் திறக்கப் போன இடத்தில், கவுன்ட்டர் முன்னால் நின்று அழுதுவிட்டேன். என் மகள் மாயா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில், அம்மா பொது இடத்தில் அழுவதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் கிடையாது.

நாங்கள் இருப்பது கனடாவில், வடக்கு ஒன்டாரியோவில், நிக்கல் வெட்டி எடுக்கிற ஒரு சின்ன ஊரில். என் கணவர் தேவராஜ் சுரங்கத்தில் சர்வேயர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருமே கோலார் தங்க வயல்காரர்கள். தங்கம் வெட்டுகிற ஊரில் பிறந்து நிக்கல் வெட்டுகிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். பூமிக்குள் ஆள் இறக்குகிற ஊரை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது.

இங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கிரெடிட் யூனியனில்தான் பணம் போடுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள். ஊரில் நாம் சொசைட்டி என்கிறோமே, அதேதான். தேவராஜ் வந்த புதிதிலேயே சேர்ந்துவிட்டார். நான் மட்டும் இத்தனை வருடமும் பிடிவாதமாக பேங்கிலேயே வைத்திருந்தேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

இப்போது வீடு வாங்க இரண்டு பேர் பெயரிலும் கடன் வேண்டும் என்பதால் போனேன். "சொசைட்டியில் சேர வந்திருக்கிறேன்" என்று வாய் தவறிச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த பெண், சொசைட்டி என்றால் நாய் பூனைகளைப் பாதுகாக்கிற சங்கம் என்று நினைத்து, அது அடுத்த தெருவில் இருக்கிறது என்று அன்பாக வழி சொன்னாள். மாயா என் கோட்டைப் பிடித்து இழுத்து, அம்மா சொன்னது கிரெடிட் யூனியன் என்று திருத்தினாள். பத்து வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் ஊசி போடுகிறேன், உயிர் காக்கிறேன். ஆனால் அவசரத்தில் வாயில் வருவது ஊர்ச் சொல்தான்.

அந்தப் பெண் என் பெயரைக் கேட்டாள். யசோதரா என்றேன். எழுதத் திணறினாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் டோரா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று மாயா சொல்லிக் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். மாகாணச் சட்டப்படி நீங்கள் இனி இதன் உறுப்பினர், ஆண்டுக் கூட்டத்துக்கு வரலாம், உங்களுக்கு ஒரு ஓட்டு உண்டு. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் சொன்னாள்: "உங்கள் கணவருக்கு ஏதாவது ஆனாலும், கடவுளே அப்படி ஆகக்கூடாது, உங்கள் உறுப்பினர் உரிமை போகாது. கவலைப்படாதீர்கள்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்ததும் மாயா ஆங்கிலத்தில் கேட்டாள், உனக்கு என்ன ஆச்சு என்று. அவளுக்குச் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நந்திதுர்க் மைன்ஸ் பக்கம், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்குக் கீழே, மைன்ஸ் ஆட்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீடுகளில் எங்களுடையது ஒன்று. அப்பா ஆதிமூலம் அடியில், அதாவது சுரங்கத்துக்குள், மரம் கட்டுகிறவர். பாறை சரியாமல் இருக்க லெவலுக்கு லெவல் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. வீட்டில் புத்தர் படம் ஒன்று மாட்டியிருந்தது. பௌர்ணமிக்கு அம்மா அதற்குப் பூ வைப்பாள். அப்பா அதன் முன்னால் நின்று ஒன்றும் கேட்கமாட்டார். கேட்பதற்கு அது சாமி இல்லை என்பார்.

சம்பள நாளில் மைன் கேட்டுக்கு வெளியே வட்டிக்காரர்கள் தடியோடு நிற்பார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிற ஆள் வீட்டுக்குப் போவதற்குள் பாதி சம்பளம் அங்கேயே போய்விடும். அதை ஒழிக்கத்தான் அப்பாவும் அவருடைய கேங்கில் இருந்த சிலரும் சேர்ந்து கடன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா லைன் லைனாகப் போய் ஆள் சேர்ப்பார். கூடவே ஏழுமலை சித்தப்பா போவார். எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற இரும்புக் கூண்டை கேஜ் என்போம்; அப்பாவோடு ஒரே கேஜில் இறங்கி ஒரே கேஜில் ஏறுகிறவர், அதனால் சித்தப்பா. எழுதப் படிக்கத் தெரிந்தவர், மேடையில் பேசத் தெரிந்தவர். அப்பாதான் முன்னால் நின்று அவரைத் தலைவர் ஆக்கினார்.

மைன்ஸை வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து மைசூர் சர்க்கார் எடுத்துக்கொண்ட சமயம். இனி எல்லாம் நம்முடையது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு வந்த ஒரு வெயில் காலத்தில், மத்தியானம், வீடு ஆடியது. பரணிலிருந்து பாத்திரங்கள் விழுந்தன. அடியில் பாறை வெடித்தால் அப்படித்தான் மேலே ஆடும். எங்கள் ஊரில் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் ஷாஃப்டுக்கு, கேஜ் ஏறி இறங்குகிற சுரங்க வாய்க்கு, ஓடினார்கள். அம்மாவும் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கேஜ் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்பா வந்தபோது அவர் நடந்து வரவில்லை.

3

அம்மா அமிர்தத்துக்கு மைன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். டெம்பரரி. அந்த வேலையால் லைன் வீடு தப்பியது. சாவுச் சடங்கெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, அப்பாவின் இடத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா சொசைட்டிக்குப் போனாள். நானும் போனேன். தகரக் கூரை போட்ட ஒரே அறை. சுவரில் ஆரம்பித்தவர்கள் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அப்பா பெயரும் இருந்தது.

ஏழுமலை சித்தப்பா எழுந்து நின்று அம்மாவுக்கு நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்:

"அண்ணி, பெர்மனென்ட் ஆளுங்க மட்டுந்தான் மெம்பர் ஆவலாம். மெம்பர் செத்துட்டா அவரோட மெம்பர்ஷிப்பும் முடிஞ்சிடுது. பங்குப் பணத்தை உங்க கையில குடுத்துடறோம்."

"பணம் கேக்க வரல ஏழுமல. நான் உள்ள சேரணும்."

"நானா மாட்டேன்றேன்? சட்டம் அண்ணி. கவுர்மென்ட்டு சட்டம்."

"செத்தவன் பேரு செவுத்துல கீது. அவன் பொண்டாட்டி உள்ள வரக் கூடாதுன்னா அது இன்னா சட்டம்?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அம்மா குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

லைன்களில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சொசைட்டியில் கடன் கிடைக்காததால் அவர்கள் எல்லாரும் மறுபடியும் கேட்டுக்கு வெளியே நிற்கிற வட்டிக்காரர்களிடம்தான் போனார்கள். எதை ஒழிக்கச் சங்கம் வந்ததோ, அதன் வாயிலேயே சங்கத்தை ஆரம்பித்தவர்களின் குடும்பங்கள் விழுந்தன. அம்மா வேலை முடிந்து வந்து வீடு வீடாகப் போய் அவர்களைக் கூட்டினாள். முன்பு அப்பா போன அதே லைன்கள்.

பீட்டர் அண்ணன் என்று ஒருவர், ஊரிகம் பக்கம் இருந்தவர், பாறையில் துளை போடுகிற மெஷின் ஓட்டுகிறவர். சங்கத்தில் உறுப்பினர். அவர் அம்மாவுக்குப் புரியவைத்தார்: சங்கத்துக்கு என்று தனி விதி உண்டு, பைலா என்பார்கள். அதைப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கி மாற்றலாம். ஆனால் கோலாரில் இருக்கிற கூட்டுறவு ஆபீஸ் அதைச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் செல்லும்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில், இறந்த உறுப்பினரின் மனைவியையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று பீட்டர் அண்ணன் தீர்மானம் கொண்டுவந்தார். அம்மாவும் மற்றப் பெண்களும் உள்ளே போக முடியாது. ஜன்னல் பக்கம் நின்று பார்த்தார்கள். கைகள் உயர்ந்தன. அடியில் எப்போது யாருடைய முறை வரும் என்று தெரியாத ஆட்கள் அவர்கள். தங்கள் வீட்டுப் பெண்களை நினைத்துத் தூக்கியிருக்கிறார்கள். ஏழுமலை சித்தப்பாவும் தூக்கினார். நான் பார்த்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

4

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கொடுத்த அட்டையில் "இறங்கிய குடியேறி" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. தேர்தல் வந்தால் வீட்டு வாசலில் வந்து சிரிப்பார்கள். எங்களுக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். மற்ற இந்தியக் குடும்பங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் பிழைக்க வந்தவர்கள், ஓட்டு எதற்கு என்பார்கள். அந்தக் கேள்வியை வேறு ஒருவர் வாயில் நான் கேட்டிருக்கிறேன். அதனால் அவர்கள் வீட்டு விருந்துகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மாயா பள்ளியில் குடியுரிமை பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். என்னிடம் படித்துக் காட்டினாள். அவளுடைய பாட்டியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? நான் சொன்னதில்லை. சொல்லலாம் என்றால், பின்னால் சொசைட்டி என் அம்மாவுக்குக் கொடுத்த "நாமினல் மெம்பர்" என்ற பெயரை மட்டும்தான் அவள் மொழியில் சொல்ல முடிகிறது. அதற்குப் பின்னால் இருக்கிற லைனும் ஜன்னலும் தகரக் கூரையும் அந்த மொழிக்குள் வரமாட்டேன் என்கின்றன.

5

தீர்மானம் கோலாருக்குப் போய் வெகு நாள் பதில் இல்லை. அதற்குள் கூட்டுறவுக்கு மாநிலத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு வழியாகப் பதில் வந்தது. விதவைகளைச் சேர்க்கலாம். ஆனால் நாமினல் மெம்பராக மட்டும். பெயரளவு உறுப்பினர். கடன் கேட்கலாம், கூட்டத்துக்கு வந்து பின்னால் உட்காரலாம். ஓட்டுக் கிடையாது. பதவிக்கு நிற்க முடியாது. சட்டம் அப்படி என்று ஏழுமலை சித்தப்பா எல்லாருக்கும் வருத்தத்தோடு சொன்னார். லைனில் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள், பேருக்கு மெம்பர் என்று.

பிறகு ஒரு நாள் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் கணக்குப் பார்க்க வந்தார். இளம் வயது, மாலூர் பக்கத்துக் கன்னடக்காரர். மைன் ஆஸ்பத்திரியில் வயிற்றுவலி மாத்திரை வாங்க வந்தவரிடம் அம்மா பேச்சுக் கொடுத்தாள். அம்மாவுக்குச் சந்தைக் கன்னடம் சரளமாக வரும். ஓட்டோடு சேர்க்க அந்தச் சட்டத்தில் என்ன தடை என்று கேட்டாள். நான் அன்று அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "தடை ஒன்றும் இல்லையே அம்மா" என்று கன்னடத்தில் சொன்னார். "யாரை முழு உறுப்பினராகச் சேர்ப்பது என்பது சங்கத்தின் பைலா. உங்கள் தீர்மானத்தையே பதிவு செய்திருப்போம். உங்கள் தலைவர்தான் நேரில் கோலாருக்கு வந்து, நாமினல் போதும், அப்படியே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். பெண்களும் சம்மதித்துவிட்டார்கள் என்றார்." சொல்லி முடித்ததும், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தவர் போல மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அடுத்த சம்பள நாள். சொசைட்டி வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். அம்மா போய்ப் படிக்குக் கீழே நின்றாள்.

"ஏழுமல, வெளிய வா."

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க அண்ணி. இன்னா விஷயம்?"

"ஓட்டோட சேக்கறதுக்குச் சட்டத்துல தடை இல்லியாமே. ஓட்டு வாணாம்னு கோலாருக்குப் போயி கேட்டுக்கினு வந்தது நீயாமே. நாங்க சம்மதிச்சோம்னு சொன்னியாமே."

வரிசை அசையாமல் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க அண்ணி. உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"உள்ள வரத்தான் எனக்கு ரைட்டு இல்லியே. இங்கியே பேசு."

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, பேசறேன். இத்தினி பொம்பளைங்க ஒண்ணா வந்து ஒரே பக்கம் கை தூக்கினா சங்கம் இன்னா ஆவறது? நாளைக்கு என்னை எறக்கிட்டு யாரை ஏத்துவீங்கன்னு எனக்குத் தெரியாதா? லோன் வேணும், குடுக்கறோம். ஓட்டு இன்னாத்துக்கு அண்ணி உங்களுக்கு?"

"லோன் நீ பார்த்துக் குடுக்கறது. ஓட்டு இருந்தா நாங்க கேட்டு வாங்கறது. அதுக்குத்தான்."

வரிசையில் நின்றவர்களில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். பீட்டர் அண்ணன் அன்று ஷிஃப்டில் அடியில் இருந்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அன்று கடன் வேண்டியிருந்தது.

மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பெயரளவு உறுப்பினர் ஆனார்கள். அம்மா மட்டும் போகவில்லை. ஆனால் அந்த வருடம்தான் எனக்குப் பெங்களூரில் நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. முன்பணம் கட்ட வேண்டும், யூனிஃபார்ம், ஷூ எல்லாம் வாங்க வேண்டும். நான் போகவில்லை என்று சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"ஆத்திரம் ஒரு பக்கம் கெடக்கட்டும். உன் ட்ரெய்னிங்கு எனக்காகக் காத்துக்கினு இருக்காது."

சொசைட்டிக்குப் போய்ப் பேருக்கு மெம்பராகக் கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடாமல் நின்றாள்.

6

அதற்குப் பிறகு அம்மா ஒரு ஆண்டுக் கூட்டத்தையும் விடவில்லை. பெயரளவு உறுப்பினர்களுக்குக் கடைசியில் ஒரு பெஞ்சு. மற்றப் பெண்கள் வருவதில்லை, வந்தாலும் வடை காபிக்குப் பிறகு போய்விடுவார்கள். அம்மா கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கை தூக்குவாள். வேண்டும் என்றால் தூக்குவாள், வேண்டாம் என்றாலும் அதற்கு உரிய முறை வரும்போது தூக்குவாள். எண்ணுகிற ஆள் அந்தப் பெஞ்சுவரை வந்து திரும்பிவிடுவார்.

ட்ரெய்னிங் முடித்து நான் ஊரில் இருந்த வருடம், தலைவர் தேர்தலில் பீட்டர் அண்ணன் எதிர்த்து நின்றார். கடும் போட்டி. எண்ண வந்த ஆள் புதியவர். கடைசிப் பெஞ்சிலும் கைகளைப் பார்த்து எண்ணப் போனார். அந்த முறை விதவைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மேடையிலிருந்து ஏழுமலை சித்தப்பா மைக்கில் சொன்னார்:

"அந்தக் கைங்கள எண்ணாதீங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தக் கைகளை எண்ணியிருந்தால் பீட்டர் அண்ணன் ஜெயித்திருப்பார். எண்ணாததால் தோற்றார். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் கையைக் கீழே போட்டார்கள். முடிவு அறிவித்து, மாலை போட்டு, படம் எடுக்கிறவரைக்கும் அம்மா கையை இறக்கவில்லை. வாசலில் நின்ற என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பெருமையாக இல்லை. ஏன் இப்படி எல்லார் முன்னாலும் சிறுமைப்பட வேண்டும் என்று ஆத்திரமாக இருந்தது. இப்போதும் அந்த ஆத்திரம் போகவில்லை. யார் மேல் என்பதில்தான் மாற்றம்.

இந்த ஊர் கிரெடிட் யூனியனின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தேவராஜோடு ஒரு முறை விருந்தாளியாகப் போயிருக்கிறேன். மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் நடந்தது. பாதி நாற்காலி காலி. தலைவர் ஏதோ படித்தார், எல்லாரும் டோனட்டைக் கடித்துக்கொண்டே கை தூக்கினார்கள். என் பக்கத்தில் இருந்தவர் எதற்குத் தூக்கினோம் என்று தன் மனைவியிடம் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பனியில் நின்றேன். ஓட்டு இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு லேசாக இருக்கிறது.

7

கல்யாணம் ஆகி, கனடா வந்து, மாயா நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு முறை ஊருக்குப் போனேன். அம்மா மெலிந்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அடக்கமாட்டாமல் ஒரு செய்தி சொன்னாள். ஏழுமலை ரிட்டயர் ஆகிவிட்டாராம்.

"ரிட்டயர் ஆனா இன்னா ஆவும் தெரியுமா?" என்றாள். "பெர்மனென்ட் ஆளு இல்ல. மெம்பர்ஷிப் போச்சு. அவன் எழுதின பைலாவே அவன வெளிய தள்ளிடுச்சு. இந்த வருஷ மீட்டிங்குல அவனும் பேருக்கு மெம்பரு. எங்க பெஞ்சுலதான் வந்து குந்தினான்."

"நீ என்னம்மா பண்ணின?"

"அண்ணி, கொஞ்சம் நவுந்துக்கோங்கன்னான். நவுந்தேன்." குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவினாள். "எனக்குச் சந்தோஷம் வரும்னு நெனச்சேன். வரல யசோதரா. கெழவன் கையி நடுங்கிக்கினு கீது."

அதற்கு அப்புறம் அவர்தான் பேச்சை ஆரம்பித்தாராம். ரிட்டயர் ஆனவர்கள், விதவைகள், எல்லாரையும் ஓட்டோடு சேர்க்கச் சொல்லி ஒன்றாகக் கேட்போம். உங்களுக்குத்தான் அண்ணி பெண்களைக் கூட்டத் தெரியும் என்றாராம். அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உனக்காக இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாளாம். பெண்களைக் கூட்டினாள். இரண்டு பேரும் பஸ் ஏறிக் கோலாருக்குப் போய்விட்டு வந்தார்கள். தீர்மானம் போயிருக்கிறது, இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும் என்றாள். நான் அவளை அவ்வளவு நம்பிக்கையோடு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

8

அம்மா இறந்த செய்தி தந்தியில் வந்தது. கடும் குளிர் காலம். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரமாக வேண்டும் என்று பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன். இறந்தவருக்கும் எனக்கும் உள்ள உறவுக்கு ஆதாரம் கேட்டார்கள். மைன் ஆஸ்பத்திரியில் நான் பிறந்ததற்கு இருக்கிற சான்றிதழில் "ஆதிமூலத்தின் பெண் குழந்தை" என்று மட்டும்தான் இருந்தது. அம்மா பெயர் இல்லை. இதை வைத்து எப்படி என்றார் அந்த அதிகாரி. எல்லாம் சரியாவதற்குள் அங்கே காரியம் முடிந்துவிட்டது.

கோடையில் மாயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். லைன் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பீட்டர் அண்ணன் வீட்டில் தங்கினோம். மிச்சத்தை அவர்தான் சொன்னார்.

கோலாரிலிருந்து அனுமதி வந்தது. ரிட்டயர் ஆனவர்களுக்கு ஓட்டு உண்டு. விதவைகள் நாமினல் மெம்பராகவே இருப்பார்கள். எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும், முதலில் நம்மை முடித்துக்கொள்வோம் என்று ஏழுமலை இரண்டாவது தடவை தனியாகக் கோலாருக்குப் போய்ப் பேசியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா அவரிடம் கேட்டாளாம், எங்கள் விஷயம் என்ன ஆயிற்று என்று. சட்டம் அப்படி அண்ணி என்றாராம்.

"அன்னிக்கு உங்கம்மா கை தூக்கல," என்றார் பீட்டர் அண்ணன். "எழுந்து வெளிய போயிட்டாங்க. அப்புறம் சொசைட்டிப் பக்கமே வரல. சாவற வரைக்கும்."

நாங்கள் பேசியதற்கு மறுநாள், நான் வந்திருப்பது தெரிந்து ஏழுமலை சித்தப்பா வந்தார். கைத்தடி ஊன்றி வந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார். மாயாவின் தலையில் கை வைத்தார். சொசைட்டிக்குப் புதுக் கட்டிடம் கட்டுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் உதவ வேண்டுமாம்.

"கல்வெட்டு ஒண்ணு வெக்கறோம்மா. அதுல உங்கம்மா பேரு மொதல்ல வரணும்னு நாந்தான் சொன்னேன். சங்கத்தோட மூத்த உறுப்பினர்னு."

"உறுப்பினரா சித்தப்பா?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கற? மெம்பர்தான்."

"நாமினல் மெம்பர். கல்லுலயும் அப்படியே போடுவீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கல்லுல எதுக்கும்மா அதெல்லாம். அதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்ல. நாம எப்படி வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"அவங்க உயிரோட இருந்தப்பவும் நீங்க எப்படி வேணும்னாலும் போட்டிருக்கலாம்."

அவர் டம்ளரில் மிச்சம் இருந்த காபியைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். நான் பணம் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பீட்டர் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தப்பா தடியை ஊன்றி எழுந்தார். வாசல் படியில் தடுமாறினார். மாயா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வந்த மாயா, அந்தத் தாத்தாவுக்கு என்ன வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பாட்டி பேரைக் கல்லில் எழுதப் போகிறார்களாம்."

"எவ்வளவு நல்ல மனுஷர்" என்றாள்.

நான் அவளுக்குப் பதில் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை தேடினேன். பிறகு தமிழில் தேடினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.